‘எலெக்ட்ரிக் டிரெயின்’ வந்தது முன்னால், ஊர் வந்தது பின்னால்! தாம்பரம் பாதையில் டீசலுக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை?

மும்பைக்காரர்களுக்கு அது ‘லோக்கல்’. சென்னைக்காரர்களுக்கு மட்டும் அது ‘எலெக்ட்ரிக் டிரெயின்’. குரோம்பேட்டையிலிருந்து பூக்கடைக்குப் போகும் பாட்டியும் சரி, பொத்தேரியில் இறங்கும் கல்லூரி மாணவனும் சரி, “எலெக்ட்ரிக் டிரெயின்ல வந்துட்டேன்” என்றுதான் சொல்வார்கள்.

கொஞ்சம் யோசித்தால் இது விசித்திரமான பெயர். எழும்பூரிலிருந்து மதுரைக்குப் போகும் வைகையும் பாண்டியனும் இன்று மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. கன்னியாகுமரிக்குப் போகும் வண்டியும் அப்படித்தான். ஆனால் அவற்றை யாரும் ‘எலெக்ட்ரிக் டிரெயின்’ என்று சொல்வதில்லை. அந்தப் பெயர் கடற்கரை - தாம்பரம் வண்டிக்கே பட்டா போட்டுக் கொடுத்தது போல நிலைத்துவிட்டது. காரணம், மற்ற வண்டிகளெல்லாம் கரிப்புகையைக் கக்கிக்கொண்டு ஓடிய காலத்தில் இது ஒன்றுதான் புகையில்லாமல் வந்தது. ஊர் வியந்து வைத்த பெயர், வியப்பு தீர்ந்த பிறகும் மாறவில்லை.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு முடிவு இருக்கிறது. புறநகர் வண்டியை எதில் ஓட்டுவது என்ற முடிவு. நீராவியா, டீசலா, மின்சாரமா? சென்னை 1931-லேயே மின்சாரத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்த முடிவின் பலனைத்தான் தென்சென்னைப் புறநகர் முழுக்க இன்று அனுபவிக்கிறது.

நாட்டிலேயே இரண்டாவது நகரம்

இந்தியாவில் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி பம்பாயில் ஓடியது. விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை. அதற்கு அடுத்து மின்சார ரயிலைப் பார்த்த நகரம் சென்னை. அதுவும் மீட்டர்கேஜ் பாதையில். ஒரு மீட்டர் அகலமே உள்ள சின்னப் பாதையில் மின்சார ரயிலை ஓட்டியது நாட்டில் சென்னைதான் முதலில்.

அப்போது இந்தப் பாதை ‘சௌத் இண்டியன் ரயில்வே’ கம்பெனியிடம் இருந்தது. எழும்பூர் நிலையத்தின் சிவப்புக் கட்டடத்தை 1908-ல் திறந்ததும் இதே கம்பெனிதான். 1920-களில் சென்னை தெற்கே நகரத் தொடங்கியிருந்தது. மாம்பலத்தில் ஏரியை மேடாக்கி தியாகராய நகர் உருவாகிக்கொண்டிருந்தது. துறைமுகத்தை ஒட்டிய பாதைகளைத் திருத்தி, கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை புறநகர் வண்டிக்கென்று தண்டவாளம் போட்டு, மேலே கம்பி கட்டினார்கள். 1931-ல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி சேவையைத் தொடங்கிவைத்தார். கம்பியில் ஓடியது 1,500 வோல்ட் நேர் மின்சாரம், அதாவது டி.சி.

அன்றைய தாம்பரத்தைக் கற்பனை செய்து பாருங்கள். ஏரி, வயல், மலைக்குன்று, நடுவே தெற்கே போகும் பெரிய சாலை. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ராணுவ முகாம்கள். தாம்பரத்துக்குச் சற்று முன்னால் டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை. நோயாளிகளுக்குச் சுத்தமான காற்று வேண்டும் என்பதற்காகவே நகரத்தை விட்டுத் தள்ளி அமைந்த இடம் அது. ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ரயில் நிலையத்துக்குப் பெயர் வந்தது அதனால்தான். அந்த ஊர் வழியாகப் புகையில்லாத ரயில் ஓடியது பொருத்தம்தான்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. ஜார்ஜ் டவுனில் நூறு வருடங்களாக இருந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. வீட்டுமனைகள் விற்றன. “ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம்” என்பது மனை விளம்பரத்தின் முதல் வரியானது. ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கூட்டம் சேர்ந்த பிறகு ரயில் வரவில்லை. ரயில் வந்த பிறகுதான் கூட்டம் சேர்ந்தது.

டீசல் வந்த நேரம்

1931-ல் மின்சாரத்தின் போட்டியாளர் நீராவிதான். இந்திய ரயில்வேயில் டீசல் இன்ஜின் பெரிய அளவில் நுழைந்தது 1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும்தான். அமெரிக்காவின் ‘ஆல்கோ’ நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் வந்த இன்ஜின்கள் அவை. வாரணாசியில் டீசல் இன்ஜின் தொழிற்சாலை 1964-ல் முதல் இன்ஜினை வெளியிட்டது. மீட்டர்கேஜுக்கென்று வந்த ஒய்.டி.எம்.4 இன்ஜின், திருச்சி பொன்மலையில் பராமரிக்கப்பட்டு தமிழ்நாடு முழுக்க ஓடியது.

டீசலுக்கு அப்போது பெரிய கவர்ச்சி இருந்தது. கம்பி கட்ட வேண்டாம், கம்பம் நட வேண்டாம், துணை மின்நிலையம் வேண்டாம். இன்ஜினை வாங்கி, டேங்கை நிரப்பினால் போதும், அன்றைக்கே வண்டி ஓடும். அதே சமயம் சென்னையின் டி.சி. ஏற்பாடு முப்பது வயதைத் தாண்டியிருந்தது. 1,500 வோல்ட் என்பது குறைந்த அழுத்தம். அதனால் கம்பியில் பாயும் மின்சாரத்தின் அளவு அதிகம். கனமான செம்புக் கம்பி வேண்டும். சில கிலோமீட்டருக்கு ஒரு துணை மின்நிலையம் வேண்டும். செலவு மிக்க ஏற்பாடு.

“இதைக் கழற்றிவிட்டு டீசலுக்குப் போய்விடலாம்” என்று முடிவெடுத்திருந்தால், அது ஆச்சரியமான முடிவாக இருந்திருக்காது. உலகத்தில் பல ஊர்கள் அப்படிச் செய்தன. சென்னை எதிர்த்திசையில் போனது. 25,000 வோல்ட் மாறு மின்சாரம், அதாவது ஏ.சி. முறைக்கு மாறியது. 1960-களின் நடுவில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை ஏ.சி. கம்பி கட்டப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் ஒய்.ஏ.எம்.1 என்ற 20 மீட்டர்கேஜ் மின்சார இன்ஜின்களைத் தந்தது. 1967-ல் கடற்கரை - தாம்பரம் பாதையும் ஏ.சி.க்கு மாறியது. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை இந்தப் பாதைக்கான மின்சார வண்டிகளைச் செய்து கொடுத்தது.

நடுத்தர வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்: தெற்கே போகும் வண்டி விழுப்புரத்தில் வெகுநேரம் நிற்கும். மின்சார இன்ஜினைக் கழற்றி, வேறு இன்ஜின் மாட்டுவார்கள். டீ குடிக்க, இட்லிப் பொட்டலம் வாங்க, தண்ணீர் பிடிக்க நேரம் கிடைக்கும். மின்சாரத்தின் எல்லை அதுதான் என்று பயணிகளுக்கே தெரிந்த இடம் அது. இன்று கன்னியாகுமரி வரை கம்பி போய்விட்டது. மாற்றவும் இன்ஜின் இல்லை, காத்திருக்கவும் நேரமில்லை.

டீசல் இன்ஜினும் எலெக்ட்ரிக்தான்!

டீசலா, மின்சாரமா என்று பேசும்போது பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. பெரிய டீசல் ரயில் இன்ஜினில் சக்கரத்தைச் சுற்றுவது டீசல் அல்ல, மின் மோட்டார்தான்!

லாரியில் இன்ஜினின் சுழற்சி கியர் வழியாக நேரே சக்கரத்துக்குப் போகிறது. ரயிலின் இழுவைக்கு அந்தக் கியர் தாங்காது. அதனால் டீசல் இன்ஜின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும். அதில் பிறக்கும் மின்சாரம் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் மோட்டாருக்குப் போகும். கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனால் பின்கட்டில் ‘டுபு டுபு’ என்று ஓடுமே ஜெனரேட்டர், அதன் பெரிய அண்ணன்தான் டீசல் இன்ஜின். ஒரு மின் நிலையத்தையே முதுகில் சுமந்துகொண்டு ஓடுகிறது.

சுமையைப் பாருங்கள். அகலப் பாதையின் பழைய டீசல் இன்ஜின் ஒன்று 110 டன்னுக்கு மேல் எடை. அதன் டேங்க் மட்டும் 5,000 லிட்டர் கொள்ளும். மின்சார வண்டிக்கு இந்தச் சுமை எதுவும் இல்லை. அதன் மின் நிலையம் எங்கோ தரையில் இருக்கிறது. வண்டி கம்பியைத் தொட்டு, வேண்டிய அளவு எடுத்துக்கொள்கிறது. கூரை மேல் மடங்கி நிற்கும் அந்தச் சட்டத்துக்குப் பெயர் ‘பான்டோகிராஃப்’.

ஆக, போட்டி டீசல் மோட்டாருக்கும் மின்சார மோட்டாருக்கும் இடையே இல்லை. மின் நிலையத்தைக் கூடவே தூக்கிக்கொண்டு போவதா, வீட்டில் வைத்துவிட்டுப் போவதா என்பதுதான் போட்டி.

1.7 கிலோமீட்டருக்கு ஒரு பிரேக்

விரைவு வண்டிக்கு இந்தச் சுமை பெரிய பாதகம் இல்லை. ஒரு முறை வேகம் பிடித்தால் நூறு கிலோமீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். புறநகர் வண்டியின் வாழ்க்கை அப்படியில்லை.

கடற்கரையிலிருந்து தாம்பரம் சுமார் 29 கிலோமீட்டர். கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம். தொடக்க நிலையத்தையும் சேர்த்தால் 18 நிலையங்கள், 17 இடைவெளிகள். சராசரியாக 1.7 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். வேகம் பிடிப்பதற்குள் பிரேக் போட வேண்டும். பிரேக் போட்ட கையோடு மறுபடி வேகம் பிடிக்க வேண்டும்.

இங்கேதான் மின்சார வண்டியின் அமைப்பு கைகொடுக்கிறது. அதற்கு முன்னால் தனி இன்ஜின் கிடையாது. சென்னையில் நீண்ட காலம் ஓடிய வகையில், மூன்று பெட்டிக்கு ஒரு மோட்டார் பெட்டி. 12 பெட்டி வண்டி என்றால் நான்கு இடத்திலிருந்து தள்ளும். ஒரு மாடு இழுக்கும் வண்டிக்கும், ஊரே கூடி இழுக்கும் தேருக்கும் உள்ள வித்தியாசம். மோட்டார் நினைத்தால் சில நிமிடங்களுக்குத் தன் வழக்கமான சக்தியைவிட அதிகமாகவும் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்ளும். டீசல் இன்ஜினுக்கு அந்தச் சலுகை இல்லை. கூடத் தூக்கி வந்த ஜெனரேட்டர் எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவுதான்.

ஒவ்வொரு நிலையத்திலும் வேகம் பிடிக்க அரை நிமிடம் கூடுதலாக ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 17 முறைக்கு எட்டரை நிமிடம். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் காலை எட்டரை மணிக்கு ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும் பாதையில், முன்னால் போகும் வண்டி எட்டு நிமிடம் பிந்தினால் பின்னால் வரும் வண்டிகள் எல்லாமே நிற்கும். நாள் முழுக்க ஓட்டக்கூடிய வண்டிகளின் எண்ணிக்கையே குறையும்.

இன்னொரு வசதி, வண்டி திரும்புவது. இன்ஜின் இழுக்கும் வண்டி கடைசி நிலையத்துக்கு வந்தால், இன்ஜினைக் கழற்றி, பக்கத்துப் பாதையில் ஓட்டி, மறுமுனையில் மாட்ட வேண்டும். மின்சார வண்டிக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருக்கிறது. கடற்கரை நிலையத்தில் மோட்டார்மேன் இந்த முனையில் இறங்க, அந்த முனையிலிருந்து வண்டி கிளம்பிவிடும். இரண்டு முனையிலும் அறை வைத்த டீசல் வண்டிகளும் உண்டு. அவை கிராமப் பாதைகளுக்குப் போதும். பூங்கா நிலையத்துக் கூட்டத்துக்குப் போதாது.

மூன்று நிறுத்தத்தில் இரண்டு மாத கரண்ட்!

ஒரு சின்னக் கணக்கு. 12 பெட்டி வண்டி, நெரிசல் நேரத்துப் பயணிகளோடு சேர்த்து 700 டன் எடை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த ஓட்டத்தில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 37 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பள்ளிக்கூட பௌதிகப் பாடத்தில் படித்த சூத்திரம்தான். எடையில் பாதி, வேகத்தின் இரு மடிப் பெருக்கம்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இந்த வண்டி அதே வேகத்திலிருந்து மூன்று முறை நின்றால், ஒரு குடும்பத்தின் இரண்டு மாத இலவச மின்சாரம் பிரேக்கில் காலி!

டீசல் வண்டியில் அந்த ஆற்றல் திரும்ப வராது. பிரேக் கட்டையிலோ, இன்ஜினின் கூரை மேலிருக்கும் கம்பிச்சுருளிலோ சூடாகி காற்றோடு போய்விடும். டீசலை வாங்கி, எரித்து, வேகம் பிடித்து, அடுத்த நிலையத்தில் சூடாக்கி ஊதிவிடுவதுதான் நடக்கும்.

அண்மைக் காலத்தில் வந்த புதிய வகை மின்சார வண்டிகள் இதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிவிடும். பிறக்கும் மின்சாரம் மேலே கம்பிக்குத் திரும்பும். பல்லாவரத்தில் ஒரு வண்டி நிற்கும்போது கொடுக்கும் மின்சாரத்தை, குரோம்பேட்டையில் கிளம்பும் இன்னொரு வண்டி எடுத்துக்கொள்ளலாம். போட்ட முதல் முழுவதும் திரும்பாது. ஆனால் கணிசமான பகுதி திரும்பும். அடிக்கடி நிற்கும் வண்டிக்குத்தான் இந்த லாபம் அதிகம். நிற்பது முன்பு நஷ்டம். இப்போது அதிலும் கொஞ்சம் வரவு.

வெள்ளவத்தையிலும் ஸ்காபரோவிலும்

டீசலைத் தேர்ந்தெடுத்த ஊர்கள் எப்படி இருக்கின்றன? தமிழர்கள் தினமும் ரயிலேறும் இரண்டு ஊர்களைப் பார்க்கலாம்.

முதலாவது கொழும்பு. சென்னை மின்சாரத்துக்கு மாறி ஏழு ஆண்டுகள் கழித்து, 1938-ல் இலங்கை ரயில்வே இங்கிலாந்தின் ‘இங்கிலீஷ் எலெக்ட்ரிக்’ நிறுவனத்திடம் டீசல் ரயில்களை வாங்கியது. ‘சில்வர் ஃபோம்’, ‘சில்வர் ஸ்ப்ரே’, ‘சில்வர் மிஸ்ட்’ என்று அழகழகான பெயர்கள். அன்றைக்கு அது மிக நவீனமான முடிவு. ஆசியாவில் டீசலை அவ்வளவு சீக்கிரம் நம்பிய ரயில்வேக்கள் குறைவு.

ஆனால் அந்த முடிவு அப்படியே நிலைத்துவிட்டது. தமிழர்கள் நிறைய வசிக்கும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி நிலையங்களில் கடலை உரசிக்கொண்டு போகும் புறநகர் வண்டி இன்றும் டீசல்தான். பாணந்துறையிலிருந்து வேயாங்கொடை வரை மின்மயமாக்கும் திட்டம் பலமுறை பேசப்பட்டது, கம்பி வரவில்லை. 2022-ல் அந்நியச் செலாவணி தீர்ந்து, எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றபோது, அலுவலகம் போகும் ரயிலும் இறக்குமதி டீசலையே நம்பி இருந்தது. டீசலை வேறு நாட்டிலிருந்து கப்பலில்தான் கொண்டுவர வேண்டும். மின்சாரத்தை நீரிலும் காற்றிலும் வெயிலிலும் உள்ளூரிலேயே எடுக்கலாம்.

இரண்டாவது டொரன்டோ. ஸ்காபரோ, பிக்கரிங், ஏஜாக்ஸ் பக்கம் வசிக்கும் தமிழர்கள் நகரத்துக்கு வேலைக்குப் போவது ‘கோ’ ரயிலில். இரண்டு அடுக்குப் பெட்டி, வசதியான இருக்கை. அந்தச் சேவை தொடங்கியது 1967-ல். சென்னையின் மீட்டர்கேஜ் பாதை 25,000 வோல்ட்டுக்கு மாறிய அதே ஆண்டு! பணக்கார நாடுதான். ஆனால் கோ ரயில் இன்றும் டீசல் இன்ஜினில்தான் போகிறது. மின்மயமாக்கும் திட்டம் ஆண்டுக்கணக்காக நடந்துகொண்டிருக்கிறது. கூட்டம் சேர்ந்துவிட்ட பாதையில், வண்டியை நிறுத்தாமல் கம்பி கட்டுவது எவ்வளவு சிரமம் என்பதற்கு அது சாட்சி. சென்னைக்கு அந்தத் தலைவலி 1931-லேயே தீர்ந்துவிட்டது.

கம்பி அறுந்தால்?

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மின்சார ரயிலுக்கு ஒரே ஒரு உயிர்நாடி. அது கம்பி. அது அறுந்தால் ஒரு வண்டி மட்டும் நிற்பதில்லை, பாதையே நிற்கும்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்த நாளை மறக்க முடியாது. சென்னையிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. புறநகர் ரயில்கள் நின்றன. அப்படிப்பட்ட நாளில் தன் டேங்கில் தன் சக்தியை வைத்திருக்கும் டீசல் இன்ஜின் தெய்வம் போலத் தெரியும். கம்பி இல்லாவிட்டாலும் தண்டவாளம் இருந்தால் அது ஓடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கம்பியைப் பழுதுபார்க்க வரும் ரயில்வே ஊழியர்கள், மேடை பொருத்திய ஒரு தனி வண்டியில்தான் வருவார்கள். ‘டவர் வேகன்’ என்று பெயர். அது ஓடுவது டீசலில்! கம்பியில் கரண்ட் இல்லாதபோதுதானே அதற்கு வேலை? மின்சார ரயிலைக் காப்பாற்ற டீசல் வண்டி வர வேண்டியிருக்கிறது. டீசலுக்கு இனி இருக்கும் இடம் அதுதான். தீயணைப்பு வண்டி போல. தினமும் வேண்டாம், ஆனால் தயாராக இருக்க வேண்டும்.

வெள்ளத்தில் மட்டும் இரண்டும் ஒன்றுதான். முன்னே சொன்னபடி, டீசல் இன்ஜினுக்கும் மோட்டார் சக்கரங்களுக்கு நடுவேதான் இருக்கிறது. தண்டவாளத்துக்கு மேல் தண்ணீர் ஏறினால் இரண்டும் நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்று, செலவு. கம்பி, கம்பம், துணை மின்நிலையம் எல்லாவற்றுக்கும் முதலிலேயே பணம் போட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டே வண்டி போகும் பாதையில் அந்த முதலீடு திரும்ப வெகு காலம் ஆகும். தினம் நூற்றுக்கணக்கில் வண்டி போகும் பாதையில் ஒவ்வொரு வண்டியும் கம்பிக்கான பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதித்துக் கொடுத்துவிடும். வண்டி குறைவென்றால் டீசல், வண்டி அதிகமென்றால் மின்சாரம் என்பதுதான் பழைய கணக்கு. இப்போது இந்திய ரயில்வே அந்தக் கணக்கையும் தாண்டிவிட்டது. அகலப் பாதையில் 98 சதவீதத்துக்கும் மேல் மின்மயமாகிவிட்டது. வாரணாசியின் ‘டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ்’ 2020-ல் ‘பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ்’ ஆனது. அங்கே இன்று செய்வது மின்சார இன்ஜின்கள். ஆலையின் பெயரிலிருந்தே டீசல் இறங்கிவிட்டது.

புகை எங்கே போனது?

“எலெக்ட்ரிக் டிரெயினுக்குப் புகையே இல்லை” என்று சொல்வது பாதி உண்மை. தாம்பரத்தில் புகை இல்லை. சானடோரியத்தில் புகை இல்லை. ஆனால் மின்சாரம் வானத்திலிருந்து குதிக்கவில்லையே.

சென்னையின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது, இன்னும் வருகிறது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. பக்கத்திலேயே அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலப்பது பற்றி அங்கே மீன்பிடிப்பவர்கள் பல வருடங்களாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். தென்சென்னை புகையில்லாமல் பயணம் செய்வதற்கான விலையின் ஒரு பகுதியை வடசென்னை கொடுக்கிறது. இதை மறைத்துவிட்டு மின்சார ரயிலைக் கொண்டாடுவது நியாயம் ஆகாது.

ஆனாலும் மின்சாரத்துக்குச் சாதகமாக ஒரு வலுவான வாதம் இங்கேயே இருக்கிறது. டீசல் வண்டி டீசலில்தான் ஓடும், ஆயுள் முழுக்க. மின்சார வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கம்பியின் இந்த முனையில் வண்டி அப்படியே இருக்க, மறுமுனையை மாற்றலாம். நிலக்கரியில் ஓடிய அதே வண்டி, ஆரல்வாய்மொழிக் காற்றாலையிலும், தென்மாவட்டத்து சோலார் தகடுகளிலும், கல்பாக்கம் அணு மின்சாரத்திலும் ஓடும். வண்டிக்கு வித்தியாசமே தெரியாது. எண்ணூரின் காற்று சுத்தமாக வேண்டும் என்றால் மாற்ற வேண்டியது மின் நிலையத்தைத்தான், ரயிலை அல்ல. டீசலாக இருந்திருந்தால் இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கும்.

25,000 வோல்ட்: வீட்டில் சொல்லி வையுங்கள்

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். தலைக்கு மேலே ஓடும் ரயில் கம்பி அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். தொட்டால்தான் ஷாக் என்று இல்லை. நெருங்கினாலே மின்சாரம் தாவிப் பிடிக்கும். இரண்டு மீட்டருக்குள் உடம்போ, கையிலிருக்கும் பொருளோ போகக் கூடாது என்பது விதி. நின்றிருக்கும் பெட்டி மேல் ஏறி செல்ஃபி எடுப்பது, கம்பியில் சிக்கிய பட்டத்தைக் குச்சியால் எடுப்பது, நடைமேம்பாலத்திலிருந்து எதையாவது தொங்கவிடுவது, இவையெல்லாம் உயிர் போகிற விளையாட்டு. பிள்ளைகளிடம் ஒரு முறை சொல்லி வையுங்கள்.

இப்போது வரிசை மாறிவிட்டது

மீட்டர்கேஜ் வண்டிகள் 2004-ல் விடைபெற்றன. அகலப் பாதை வந்தது, பெட்டிகள் பெரிதாயின. 2025 ஏப்ரல் 19-ஆம் தேதி கடற்கரை - செங்கல்பட்டு பாதையில் சென்னையின் முதல் குளிர்சாதனப் புறநகர் ரயில் ஓடத் தொடங்கியது. 1931-ல் வந்தவர்கள் பார்த்தால் கண்ணை நம்ப மாட்டார்கள்.

ஆனால் அவர்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது. “நாங்கள் வயலுக்கு நடுவே கம்பி கட்டினோம். ஊர் பிறகு வந்தது. நீங்கள் ஏன் ஊரை முதலில் வரவிட்டீர்கள்?”

தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. அதற்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர் என்று அடுக்குமாடிகள் செங்கல்பட்டு வரை நெருங்கிவிட்டன. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு கூட்டம் இன்னும் தெற்கே இறங்கியிருக்கிறது. ஆனால் தாம்பரத்துக்குத் தெற்கே இருப்பது மூன்று பாதைகள். அதைத்தான் தென்மாவட்ட விரைவு வண்டிகளும், சரக்கு வண்டிகளும், மின்சார வண்டிகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. விரைவு வண்டிக்கு வழிவிட்டு புறநகர் வண்டி காத்திருப்பது அங்கே அன்றாடக் காட்சி.

கம்பியில் மின்சாரம் இருக்கிறது. மோட்டாரில் சக்தி இருக்கிறது. ஐ.சி.எஃப். பக்கத்திலேயே இருக்கிறது. இல்லாதது தண்டவாளம். எவ்வளவு வேகமாகக் கிளம்பும் வண்டியாக இருந்தாலும், முன்னால் சிக்னல் சிவப்பாக இருந்தால் டீசலும் ஒன்றுதான், மின்சாரமும் ஒன்றுதான்.

1931-ன் பாடம் மின்சாரம் உயர்ந்தது என்பது மட்டும் அல்ல. கூட்டம் வருவதற்கு முன்பே கூட்டத்துக்கு வழி செய்தார்கள் என்பதுதான் அதைவிடப் பெரிய பாடம். தாம்பரம் வரைக்கும் அந்தப் பாடம் நடந்தது. கூடுவாஞ்சேரியில் காலை எட்டு மணிக்குப் படியில் தொங்கிக்கொண்டு வருபவர், அது இன்னும் தன் ஊர் வரைக்கும் வரவில்லை என்று சொல்வார்.